வெயிலில் வைத்த வாளிகள்

"படம் என்பது சத்தியப் பிரமாணம். எடுக்குறதுக்காக ஒரு செம்பை அரை அங்குலம் நகர்த்தினாலும் அது பொய்ச் சாட்சி."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று, கோழிகள் உட்பட எல்லோருக்கும் றொக்சன் இதை அறிவித்தான். மறுநாள் தலவாக்கலை டவுனில் அவனுடைய படக் கண்காட்சி. தலைப்பு, ‘மாறும் எங்கள் ஊர்’. பஸ் நிலையம், ஸ்டேஷன் மேடை, சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் முளைத்த போன் கடை என்று ஒன்பது படங்கள் தயார். பத்தாவதாக, அவன் பிறந்து வளர்ந்த இந்த லயத்தின் சாதாரணமான ஒரு காலை வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குள் படம் பிரிண்ட் கடைக்குப் போயாக வேண்டும்.

சாதாரணமான காலைதான் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மா கல்யாணப் பட்டுச் சேலையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டு ஆண்டியப்பன் கோட் போட்டுக்கொண்டு விறகு பிளந்தார்.

"அக்கா, தெனமும் பட்டுச் சேலையிலயா சட்டி கழுவுறீங்க?"

"தெனமும் நீங்க படம் எடுக்குறீங்களா?"

"இது டவுன்ல மாட்டுற படம்க்கா. ஆபீஸ்காரங்க எல்லாம் வந்து பாப்பாங்க. வேஷம் போட்ட மாதிரி இருந்தா என் மானம் போயிரும்."

வீரம்மாவின் கை நின்றது. "எந்த ஆபீஸ்?"

"எல்லா ஆபீசும்தான்."

அதுதான் அவன் செய்த பிழை. புது வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இடம் கிடைக்க அந்த லயம் ஆறு வருடமாகக் காத்திருந்தது. கூரை ஒழுகும் வீடுகளுக்கே முதலிடம் என்று பேச்சு. பத்து நிமிடத்தில் பட்டுச் சேலை மறைந்தது, கோட் மறைந்தது, டீவி போர்வைக்குள் போனது. அக்கம்பக்கத்து ஒவ்வொரு வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பிலும் வாளி, சட்டி, பேசின் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. மேலே வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது.

"அண்ணே, மழையே இல்லாம எதுக்கு வாளி?"

"மழை பேஞ்சா நீங்க கமராவ வெளிய எடுப்பீங்களா?" என்றார் ஆண்டியப்பன்.

றொக்சன் பேச்சை மாற்றினான். "இது வீட்டுத் திட்டத்துக்கு எடுக்குற படமே இல்லண்ணே. சத்தியமா இல்ல."

வீரம்மா குரலைத் தாழ்த்தினார். "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. சரி தம்பி, நாங்களும் வெளிய பேச மாட்டோம்."

இன்னும் ஏழு பாத்திரங்கள் வெளியே வந்தன.

பொறுமையிழந்த றொக்சன், ஒரு வாளியைத் தானே தூக்கி உள்ளே வைக்கப் போனான்.

"நகர்த்தினா பொய்ச் சாட்சின்னு காலையில நீங்கதானே சொன்னீங்க," என்றார் ஆண்டியப்பன். றொக்சன் வாளியை இருந்த இடத்திலேயே வைத்தான்.

பிற்பகல் ஒரு மணி ஆயிற்று. வேறு வழியில்லை. லயத்தின் கடைசி வாசலில் நின்று, சுட்டெரிக்கும் வெயிலில் பத்தொன்பது பாத்திரங்களோடு படத்தை எடுத்தான். ‘மழையை எதிர்பார்க்கும் லயம்’ என்று பெயர் வைத்தான். "இவங்களுக்கு நாடகம் போடத்தான் தெரியும்," என்று தங்கை அனுஷ்காவிடம் சொல்லிச் சிரித்தான்.

கண்காட்சியில் வாத்தியார்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் மட்டும் பெருமூச்சு விடவில்லை. அந்தப் படத்தைத் தன் போனில் படம் எடுத்தார். அவர் கணேசமூர்த்தி, வீட்டுத் திட்ட ஆபீஸ் கிளாக்கர்.

"பெரிய உதவி தம்பி. மலையேறி, அட்டைக்கடி வாங்கி, வீடு வீடா பாக்கணும்னு இருந்தேன். இந்தப் படமே போதும். அஞ்சு வீட்டையும் பட்டியல்ல போட்டுர்றேன்."

"லயத்துல ஆறு வீடு சார்."

"படத்துல அஞ்சுதானே இருக்கு?"

ஆறாவது, றொக்சன் கமராவோடு நின்ற அவனுடைய சொந்த வாசல். போன மாத மழையில் அனுஷ்கா குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்த வீடு.

"அதுவும் ஒழுகும் சார்."

"ஒழுகலாம். நான் கண்ணால பாக்கணுமே. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். ஒரு படமும் எடுத்துக்கணும்."

மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. றொக்சன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு, சத்தம் வராமல் ஒரு வாளியைத் தூக்கிவந்து இஸ்தோப்பின் மூலையில் வைத்தான். அதன் பக்கத்தில் சோற்றுப் பானையையும் வைத்தான்.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் வீரம்மா நின்றிருந்தார்.

"மூலையில வெளிச்சம் பத்தாது தம்பி," என்றார். "கொஞ்சம் இங்கிட்டு வைங்க, படத்துல நல்லா விழும்."