புளி போட்டுத் துலக்கிய நிக்கல்

காதலிக்கிற ஆண்பிள்ளையின் வாயில் 'தெரியாது' என்ற சொல் மட்டும் வரவே வராது. எனக்கும் வரவில்லை. பாவம், ஒரு பழைய அமெரிக்க ஐந்து சென்ட் காசு அதற்குப் பலியானது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். பக்கத்து மேசை சுபா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, அங்கேயே வளர்ந்த பெண். அச்சில் தப்பு விழுந்த காசுகளாகத் தேடிச் சேர்ப்பாள். (எனக்குச் சில்லறை என்றால் காபி மெஷினில் போட மட்டும்தான்.)

ஒரு நாள், பழைய சாமான் சந்தையில் வாங்கிய நிக்கல் காசு ஒன்றை என் முன் வைத்தாள். தேய்ந்து, கறுத்துப் போயிருந்தது.

"இதிலை எழுத்து ரெண்டாத் தெரியுது. அச்சிலையே ரெண்டு தரம் விழுந்ததோ, இல்லாட்டி அடிக்கேக்கை அச்சு ஆடினதோ எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ? ஞாயிற்றுக்கிழமை காசு சேர்க்கிறவையின்ரை கிளப்பிலை காட்டப்போறன்."

அச்சிலேயே இரட்டை என்றால் இரண்டாவது எழுத்தும் உருண்டு மேடாக இருக்கும், முனையில் சின்னப் பிளவு தெரியும். அபூர்வம். அச்சு ஆடியதென்றால் ஓரம் தட்டையாக அமுங்கிக் கிடக்கும், மதிப்பில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று நான் சொன்னது, "ஓ, ஷ்யூர்! காயின்ஸ்னா எனக்கு உயிர்!"

சரியாகச் சொன்னால் சுபா மனதில் இடம். சொதப்பினால் பக்கத்து மேசையோடு சரி.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அழுக்குதான் தெரிந்தது. மதுரையில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு துலக்கி வளர்ந்தவன் நான், அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? புளியும் உப்பும் போட்டு, கம்பி நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். காசு பளபளவென்று ஆனது. இரட்டை எழுத்தைக் காணோம். (ஒற்றை எழுத்தே பாதிதான் மிச்சம்.) சந்தேகம் தீர்ந்ததென்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் பெருமையோடு நீட்டினேன். "இரட்டையெல்லாம் இல்லைங்க. வெறும் அழுக்கு!"

சுபா காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ! தேய்ச்சனீங்களோ?"

"புளி போட்டு. நல்லா வந்திருக்குல்ல?"

"தேய்ஞ்ச காசிலை அந்த ஊத்தைதானே பிளவைக் காட்டுறது! இனி ஆராலையும் சொல்ல ஏலாது."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. காசைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று உளறிக் கொட்டினேன்.

"அது நீங்கள் 'உயிர்' எண்டேக்கையே தெரியும்."

"அப்புறம் ஏங்க குடுத்தீங்க?"

"கதைக்க ஒரு சாட்டு வேணுமெல்லோ?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கல்யாணம் அவளோடுதான் நடந்தது. ஐயர் தாலியை எடுத்து என்னிடம் நீட்டியதும் மாமனார் பதறி எழுந்தார். "ஐயா, மாப்பிள்ளையின்ரை கையிலை கனநேரம் வையாதேங்கோ, தேய்ச்சுப்போடுவார்!"

கல்யாண வீடியோவில் இது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தாலி கட்டும் இடத்தை ஓட்டிவிட்டு, இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.