கொம்பில் வர்ணம், ஈரலில் புழு

தொடக்க விழாக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நம் காவிரிக் கரையில் நெல்லுக்கு அடுத்தபடி அமோகமாக விளைவது இவர்கள்தான். வேலை முடிந்ததா என்று இவர்களிடம் கேட்காதீர்கள், கோபம் வரும். தொடங்கி வைத்தாயிற்றா என்று கேளுங்கள், முகம் மலரும்.

வலங்கைமான் பக்கத்து ஊராட்சித் தலைவர் துரைராசுவையே பாருங்கள். உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருந்த மிராசுதார் கல்யாணராமனின் வரப்பில் கொடி நட்டவர். நிலம் இன்னும் யார் கைக்கும் வரவில்லை. நட்டதற்குப் போட்டோ இருக்கிறது. அப்படிப்பட்டவர் கோமாரி தடுப்பூசி முகாம் என்றதும் சும்மா இருப்பாரா? கட்சித் தலைவரின் பிறந்தநாளுக்கே தேதி குறித்து, பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, வரும் மாடுகளின் கொம்புக்கெல்லாம் கட்சிக் கலரில் வர்ணம் அடிக்கவும் ஆள் வைத்துவிட்டார்.

கால்நடை டாக்டர் வாஞ்சிநாதன்தான் இழுத்தார்.

"வாய்க்கால் புல்லை மேஞ்சு முக்காவாசி மாட்டுக்கு ஈரல்ல புழுங்க. ஊசி மருந்து தானா சண்டை போடாது, மாட்டோட உடம்புதான் போடணும். புழுவே வலுவை உறிஞ்சிட்டா ஊசி எப்படிங்க பிடிக்கும்? முதல்ல புழு மருந்து, மாடு தேறினதும் ஊசி."

"அப்ப பிறந்தநாளைத் தள்ளி வைக்கச் சொல்றீங்களா?"

டாக்டர் அந்தத் தேதிக்கே தலையாட்டிவிட்டார். மாற்றல் உத்தரவு யாருக்குத்தான் பிடிக்கும்? தவிர, மூங்கில் குழாயில் கசப்பு மருந்து புகட்டுவதைத் துரைராசு யோசித்துப் பார்த்தார். அதில் கைதட்ட எந்த இடமும் இல்லை.

முகாமன்று சைத்தூன் பீவி தன் ஒரே பசுவை ஓட்டி வந்தார். அதன் பாலில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

"தலைவரே, தாடைக்குக் கீழ வீங்கிக் கெடக்கு. புழுன்னு சொல்றாங்களே?"

"கொழுப்பும்மா அது! நல்லா வளத்திருக்கீங்க!" என்று துரைராசு அந்த வீக்கத்தையே தடவிக்கொடுத்துப் போட்டோவுக்கு நின்றார்.

அறுவடை முடிந்ததும் கோமாரி வந்தது. பசுவின் வாயில் நுரை, குளம்பு ஊன்ற முடியவில்லை, பால் நின்றது. சைத்தூன் பீவி அழுதுகொண்டே ஓடி வந்தார். "ஊசி போட்டீங்களே தலைவரே, இப்ப எழுந்திரிக்கவே மாட்டேங்குதே!"

துரைராசு விசாரித்தார். மிராசுதார் வீட்டு மாடுகள் மட்டும் தெம்பாக நின்றன. ஏன்? டாக்டர் சொன்னதைக் கேட்டு அங்கே சத்தமில்லாமல் புழு மருந்து புகட்டிவிட்டு, பிறகு ஊசி போட்டிருந்தார்கள். துரைராசுவுக்கு அது படவில்லை. அவருக்குப் பட்டது சதி. நல்ல மருந்து அங்கே, தண்ணி மருந்து இங்கே! மறுநாளே மிராசுதார் வீட்டு வாசலில் பந்தல் எழுந்தது. போராட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

இரண்டாம் நாள் பேச்சுக்கு நடுவே பசு செத்தது. வர்ணம் உதிராத கொம்போடு அதை வண்டியில் ஏற்றியபோது சைத்தூன் பீவியின் பக்கம் யாரும் திரும்பவில்லை. எனக்கு இந்த இடத்தில் மட்டும் கேலி வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், எப்பேர்ப்பட்ட ஆளய்யா என்று. இருக்கட்டும். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் வெள்ளையடித்தீர்களே, சுவரில் ஓதம் காய்ந்துவிட்டதா என்று முதலில் தொட்டுப் பார்த்தீர்களா?