கருஞ்சீரகத்துக்குப் பத்தியம்

தின்றால் கசக்கும். தின்ற பிறகு வேறு எதையும் தின்ன விடாது. அது என்ன?

யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் பூபதிராஜாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோபாலபுரம் என்ற கிராமத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். போன சித்திரையில் அவர் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஒரே நாளில் பிடிபட்டன. இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் மாத்திரை எழுதி, பத்து வரியில் ஒரு தாளும் கொடுத்தார். “பழம்பொரி கூடாது” என்பது முதல் வரி. அதற்குக் கீழே பூபதிராஜா படிக்கவில்லை. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்தப் பண்டம் நாலு உள்ளே போனால்தான் அவருக்குப் பொழுது சாயும்.

மூன்றாம் நாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

“பிரியா, அந்தத் தாளைத் தூக்கிப் போடு. தினம் ஒரு ஸ்பூன் கருஞ்சீரகம் தின்னாப் போதுமாமா. சர்க்கரை, கொழுப்பு, இதயம் எல்லாத்தையும் அதே பாத்துக்குமாமா.”

“அப்ப பழம்பொரிங்க?”

“தாராளமாத் திங்கலாம். நாட்டு மருந்து புள்ள.”

மனைவி செல்வப்பிரியா மறுத்துப் பேசவில்லை. பூபதிராஜா உஷாராகியிருக்க வேண்டிய இடம் அது.

“நல்லதுங்க. ஆனா நாட்டு மருந்துன்னா பத்தியம் இருக்கோணுமுங்களே.”

பூபதிராஜா விழித்தார். அவர் அப்பா மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தபோது உப்பே தொடாமல் கிடந்தவர். பத்தியமில்லாத நாட்டு மருந்தை அந்த வீடு கண்டதில்லை.

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு மண்டலமுங்க. பொரிச்சது ஆகாது. இனிப்பு ஆகாது. விடியக்காலம் தோப்பைச் சுத்தி நாலு நடை. டாக்டர் மாத்திரைய நிறுத்தினா மருந்து முறிஞ்சுருமுங்க.”

நாற்பத்தெட்டு நாள். விடுகதைக்கு விடை அவருக்கு நாக்கிலேயே தெரிந்தது.

மறுபடி ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. ஒரு கையில் ரிப்போர்ட், மறு கையில் சூடான பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

“பாத்தியா, கருஞ்சீரகத்தோட மகிமைய?”

பத்து வயது மகள் நர்மதா டாக்டரின் தாளை எடுத்து வந்தாள். “அப்பா, அம்மா சொன்ன பத்தியம் பூராவும் இதுல இருக்குதுங்க.”

பூபதிராஜா முதல் தடவையாகப் பத்து வரியையும் படித்தார்.

“செரி, போச்சாது, பரவால்ல. மண்டலந்தான் முடிஞ்சுதே.”

“மறுபத்தியம் இருக்குதுங்களே,” என்றாள் செல்வப்பிரியா. “ மருந்து தின்ன அத்தனை நாளும் திரும்ப இருக்கோணுமுங்க.”

“கண்ணு நர்மதா, நீயே சொல்லு. நீ அப்பா கட்சியா, அம்மா கட்சியா?”

நர்மதா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.