ஓய்வுபெற்ற டிரைவரின் நூற்று அறுபது குதிரைகள்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும், என் மகளும் மாப்பிள்ளையும், புதிதாகப் பல் முளைத்துப் பார்ப்பவர்களையெல்லாம் கடிக்கிறானாமே அந்தப் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். நலம் விசாரித்து, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் விஷயத்துக்கு வருகிற பொறுமை இப்போது எனக்கு இல்லை. மன்னிக்க வேண்டும்.

போன வாரம் என் மனைவி உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்து முக்கால் மணி நேரம் பேசியதாக அறிந்தேன். அதில் ஐந்து நிமிடம் பேரனின் பல்லைப் பற்றியும், மீதி நாற்பது நிமிடம் என் புத்தியைப் பற்றியும் என்று கேள்வி. மறுநாளே மகள் என்னை அழைத்து, "அப்பா, டாக்டர் யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். எதற்கம்மா என்றேன். "சும்மாதான்" என்றாள். சும்மா டாக்டரைப் பார்க்கிற வழக்கம் நம் இரண்டு குடும்பத்திலும் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். நீங்கள் எனக்குச் சம்பந்தி ஆகி நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் எனக்குக் கண்டக்டர். நான் பொய் சொன்னால் பின்னாலிருந்து என் பிடரியைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் நீங்கள். கடிதத்தில் பிடரி தெரியாது என்றாலும் உண்மையையே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம், காய்கறி வாங்கிவர ஒரு சின்ன ஸ்கூட்டர் எடுக்கலாம் என்றுதான் கடைக்குப் போனேன். சத்தியமாகச் சின்னதுதான். அங்கே டை கட்டிய ஒருவர் என் தலைநரையைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், முன்னால் கூடை வைத்த ஒன்றிடம் என்னைக் கூட்டிப்போய், "சார், இது பஞ்சு மாதிரி போகும். சத்தமே இருக்காது. உங்க வயசுக்கு இதுதான் சரி" என்றார். முப்பத்தோரு வருடம் பன்னிரண்டு மீட்டர் வண்டியை மார்க்கெட் முனையில் ஒரே வளைப்பில் திருப்பியவனிடம் வந்து பஞ்சு என்கிறார்! எனக்குச் சுருக்கென்று இருந்தது. மூலையில் கருநீலமாக ஒன்று தலையைக் குனிந்து நின்றது. அது என்ன என்றேன். "அது உங்களுக்கு வேணாம் சார், ஆயிரத்து நூறு சிசி" என்றார். "வேணுமான்னு நான் கேக்கல. என்னன்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் அண்ணே. கூடை வைத்த ஸ்கூட்டர் இருந்த திசையே எனக்கு மறந்துவிட்டது.

ஒரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். நாம் ஓட்டிய பஸ்ஸுக்கு நூற்று முப்பது குதிரை சக்தி. அதை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு பேரையும், அவர்கள் மூட்டைகளையும், படியில் தொங்கியவர்களையும், டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்தவர்களையும் இழுத்துப் போனோம். இந்த வண்டிக்கு நூற்று அறுபது குதிரை. இழுத்துப்போக வேண்டியது என்னை ஒருவனை. என் எடை உங்களுக்குத் தெரியும். அந்தக் குதிரைகளுக்குச் செய்வதற்கு வேலையே இல்லை!

முதல் நாள் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைப்பிடியை ஒரு நூல் அளவு திருகினேன். "தெருமுனை வரைக்கும் மெதுவாப் போய்ப் பாக்கலாமா" என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன், நினைத்து முடிப்பதற்குள் தெருமுனையில் இருந்தேன். வலது பக்கம் திரும்ப வேண்டும். என் கை என்ன செய்தது தெரியுமா? பழக்க தோஷத்தில், பின்னால் இன்னும் முப்பத்தைந்து அடி வண்டி வருகிறது என்று நம்பி, இடது பக்கம் நன்றாக ஒதுங்கி வளைத்தது. நான் போய் நின்றது தையல்கடைக்குள். பாதி வண்டி உள்ளே, பாதி வெளியே. தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், "பேன்ட்டா, சட்டையா?" என்று கேட்டார். நல்ல மனிதர். சைலன்சர் சூட்டில் பொசுங்கிய என் பேன்ட்டை அதற்கப்புறம் இரண்டு தடவை அவர்தான் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது பேங்க். வாசலில் சரிவாக இருந்த இடத்தில், சுவரைப் பார்த்து அழகாக நிறுத்திவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைத் தேடினேன். காலால் தேடினேன், கையால் தேடினேன், கையேட்டை எடுத்துப் பொருளடக்கத்திலும் தேடினேன். மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கிடையாது என்பது நம் யாருக்கும் தெரியாததா? ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை, அண்ணே. முப்பத்தோரு வருடம் சுவருக்கு முன் நிறுத்தினால் பின்னால் போகலாம் என்று நம்பியே வாழ்ந்துவிட்டேன். வண்டி இருநூற்று நாற்பது கிலோ. காலை ஊன்றித் தள்ளினால் அது சுவரை இன்னும் பாசத்தோடு நெருங்குகிறது. கடைசியில் பேங்க் வரிசையில் நின்ற நான்கு பேர் வரிசையை விட்டுவிட்டு வந்து பின்னாலிருந்து இழுத்தார்கள். அவர்கள் இழுக்க இழுக்க, நானே திரும்பிப் பார்த்து, நீங்கள் கத்துவீர்களே அதேபோல், "வரட்டும், வரட்டும், வரட்டும், ஹோல்டான்!" என்று கத்தியிருக்கிறேன். நால்வரும் ஹோல்டானில் கையை விட்டுவிட்டார்கள். வண்டி மறுபடி சுவருக்கே போனது.

இதில் உங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். சிக்னலில் பச்சை விழுகிறது. நான் நிற்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள், ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து "பெரியவரே, முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று தோளைத் தட்டுகிறார். நான் எதற்காக நிற்கிறேன்? டபுள் பெல்லுக்காக! நீங்கள் பின்னாலிருந்து டிங் டிங் என்று இரண்டு தடவை கொடுத்தால்தானே என் கால் க்ளட்சை விடும்? பத்தொன்பது வருடப் பழக்கத்தைப் பாவி மனுஷன் என் காலுக்குள் வைத்துத் தைத்துவிட்டீர்கள். ஒரு வாரம் வரை நானே வாயால் "டிங் டிங்" சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் மானம் பிழைத்தது.

ஆனால் ஒரு விடியற்காலை, ரோட்டில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், புது பைபாஸுக்குப் போனேன். நம் பஸ்ஸின் வேகம் உங்களுக்குத் தெரியும். அறுபதில் பூட்டு. அறுபதைத் தொட்டால் எஞ்சின் முனகும், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் போகாது. இந்த வண்டி அறுபதைத் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. எண்பது வந்தது. நூறு வந்தது. மூன்றாவது கியர்தான், அண்ணே! இன்னும் மூன்று கியர் பாக்கி இருக்கிறது! கொஞ்சம் திருகினேன். நெஞ்சு முன்னால் போய்விட்டது, முதுகு பின்னால் தங்கிவிட்டது, வயிறு எங்கே போனது என்று தெரியவில்லை. யாரும் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தவில்லை. யாரும் சில்லறை கேட்டுச் சண்டை போடவில்லை. டயம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாக, போக வேண்டும் என்பதற்காக மட்டும் போனேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்தது, காற்றின் மேல் பழி போட வழியில்லை. சந்தோஷம்தான். ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு சந்தோஷப்படலாம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, வினைக்கு வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினாலாம் நம்பர் ரூட்டில் போய்க்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒதுக்கி, நிறுத்தி, ஆறு எண்ணி, பிறகுதான் கிளம்புகிறேன். மூன்றாவது ஸ்டாப்பில் வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸம்மா ஓடிவந்து, "ஆஸ்பத்திரி போகுமா?" என்று கேட்டார். எனக்கு வாயில் வேறென்ன வரும்? "போகும், ஏறுங்க" என்றேன். அவரும் அவசரத்தில் ஏறிவிட்டார். ஆறே நிமிடம். இறங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நாளைக்கும் இதே டயத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி காலிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். "மார்க்கெட்டுக்குப் போகல?" என்றேன்.

"போறதுக்குத்தான் பஸ் ஸ்டாப்ல நின்னேன்."

"எப்போ?"

"நீங்க ஒரு பொம்பளைய ஏத்திட்டுப் போனீங்களே, அப்போ. அவளுக்குப் பின்னாடி குடை பிடிச்சிட்டு நின்னது நான்தான்."

ஹெல்மெட்டில் பக்கவாட்டுப் பார்வை குறைவு என்பதை விளக்கினேன். அவள் கேட்கவில்லை. "முப்பத்தோரு வருஷம் ஊரையே ஏத்தி இறக்குனீங்க. வீட்டு ஆளு ஏறுனா கவனம் செதறும்னு சொல்லி என்னை ஒரு நாளாவது உங்க பஸ்ல ஏறவிட்டீங்களா? நானும் பதினாலு போனதும் பதினாறுல போனேன். இப்போ பஸ்ஸும் இல்ல, வேலையும் இல்ல. இப்பவும் யாரோதான் ஏறுறாங்க. ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நாலு நாளாகிறது. சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை. என் தட்டைக்கூட அவள் நேராகப் பார்ப்பதில்லை.

ஆகவே சம்பந்தி அவர்களே, நன்றாக யோசித்து, வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவளை அழவைத்துவிட்டு எனக்கு எந்தப் பைபாஸும் இனிக்காது. உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஒருவர் இன்று சாயந்திரம் வண்டியைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவார். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். அன்றைக்கு நீங்கள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். சாவியை என் கையால் என்னால் கொடுக்க முடியாது. நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிறகு நாம் இரண்டு பேரும் பஸ்ஸிலேயே டீக்கடைக்குப் போய்வரலாம். ஜன்னலோரம் எனக்கு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், டாக்டர் விஷயத்தை மகள் மறந்துவிடலாம் என்றும் சொல்லுங்கள். பேரனுக்கு அடுத்த பல்லும் சிரமமில்லாமல் முளைக்கட்டும். எல்லாரும் நல்லபடியாக இருங்கள், நானும் இருக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஆசையை ஒழித்துவிட்ட உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறையில் போடுவதற்குள் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் வந்துவிட்டார். தூண் தூணாகக் கை. வண்டியைச் சுற்றி வந்தார், ஏறி உட்கார்ந்தார், கைப்பிடியை ஒரு முறுக்கு முறுக்கினார். வீடே அதிர்ந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"எறங்குங்க தம்பி" என்றாள்.

"ஏம்மா, வண்டில ஏதாவது ரிப்பேரா?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல. நானே இன்னும் ஒரு தடவைகூட உக்காரல. அதுக்குள்ள நீங்க யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். நாலு நாளாக, இல்லை, முப்பத்தோரு வருடமாக, "ஏறு" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மடையன் நான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. "ஏறும்மா" என்றேன். பக்கத்துவீட்டு ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டிவிட்டேன். "எதைப் பிடிச்சுக்கணும்?" என்றாள். "என்னைத்தான்" என்றேன். தெருவைத் தாண்டி, தையல்கடையைத் தாண்டி, பைபாஸ் ஏறியதும் முதுகில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். "ஏன் மெதுவாப் போறீங்க?" என்று கத்தினாள்.

ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாங்களே அங்கே வருகிறோம். உங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தே வையுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கு வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தேன். என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தவள், "ஒம்பதரைன்னு மாத்தி எழுதுங்க" என்கிறாள்.