பாதித் தீவுக்காரர்

கடல் தாண்டி எங்கள் தீவுக்கு வருகிற விருந்தாளிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வருவார்கள், வெயிலில் சிவப்பார்கள், போவார்கள். நான் சொல்ல வந்தது பாதித் தீவுக்காரரைப் பற்றி.

இவரும் விருந்தாளிதான், ஆண்டு தவறாமல் வருகிறவர். கடல் பார்த்த அறை, தலையணைக்கு மேல் தலையணை, காலையில் தட்டில் வரும் காபி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர்தான். ஆனால் அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். முகம் வாடிவிடும்.

படகிலிருந்து இறங்கும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் பெட்டியைத் தேடுவார்கள், இவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் கால் பதித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "வீடு!" என்பார். பிறகு எங்கள் விடுதித் தோட்டக்காரர் சிப்ரியனைக் கட்டிப்பிடித்து, எப்போதோ வேலையை விட்டுப்போன வேறொருவரின் பெயரால் அழைத்து, எங்கள் தீவுப் பேச்சில் தமக்குத் தெரிந்த நாலு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டு நலம் விசாரிப்பார். சிப்ரியன் சிரிப்பார். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

மழை வந்தால், "நம்ம மழை, இப்ப விட்டுடும் பாருங்க" என்று புதியவர்களைத் தேற்றுவார். அது விடாது. சாயங்காலம்வரை கொட்டும். "நம்ம மழை அப்படித்தான்" என்பார். இவருக்குப் பிடிக்காத ஒரே இனம் சுற்றுலாப் பயணிகள். தீவையே கெடுக்கிறார்களாம்!

வரவேற்பு மேஜையில் என்னிடம் ஆண்டுதோறும் ஒரே வசனம்: "என்னை விருந்தாளி மாதிரி நடத்தாதம்மா. நான் உங்கள்ல ஒருத்தன்."

"சரி சார்" என்று குளிர்ந்த பழச்சாற்றை நீட்டுவேன். இந்த வசனத்தைச் சொல்லாத பாதித் தீவுக்காரரும் இல்லை; சொல்லிவிட்டுப் பழச்சாற்றை மறுத்தவரும் இல்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, கனடாவில் பல் மருத்துவரான மிஸ்டர் பிரம்வெல். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் பெருமை ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்துக்குப் பின்னால் நடக்கும், புள்ளிக் கட்டைகளைப் பொருத்தி வைக்கும் டோமினோ ஆட்டத்தில் "பசங்களோடு" தாமும் ஆடுவாராம். உண்மையில் அவர் அங்கே நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. இந்த முறை வந்த டென்மார்க் தம்பதி, "நாங்களும் வந்து பார்க்கிறோம்" என்றுவிட்டார்கள். மனிதருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆடாவிட்டால் அவரும் வெறும் சுற்றுலாப் பயணி!

அதிர்ஷ்டம், அன்று சிப்ரியனின் ஜோடி வரவில்லை; அந்த இடம் இவருக்கு. எதிரே சலவைக்கூடத்துத் தலைவி மிஸ் ஜோசெட், அவளுக்கு ஜோடியாக டிரைவர் ஆக்டேவ்.

"யாரு, டாக்டரா? உக்காருங்க" என்றாள் ஜோசெட். "ஊரு பல்லையெல்லாம் புடுங்குனீங்க. இன்னைக்கு உங்க பல்லை நாங்க எண்ணுறோம்."

எங்கள் ஊரில் டோமினோக் கட்டையை யாரும் வைப்பதில்லை, அறைவார்கள். சத்தம் பக்கத்து வளைகுடாவுக்குக் கேட்க வேண்டும். பிரம்வெல்லோ குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் வைத்தார். வைத்துவிட்டு, "மன்னிக்கணும்" என்றார்.

"சிப்ரியன், உன் ஜோடி கட்டையைத் தூங்க வைக்கிறாருடா!" என்றாள் ஜோசெட்.

"டாக்டர், அடிங்க. தடவாதீங்க" என்று பல்லைக் கடித்தார் சிப்ரியன்.

சிப்ரியனுக்கென்ன கவலை என்கிறீர்களா? தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றவனை இந்தத் தீவு மறக்காது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறவர்கூட ஆறு விரலைக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். இவர்கள் ஐந்து தோற்றாயிற்று. ஆறாவதில் ஜோசெட் கையில் ஒரே ஒரு கட்டை, அதையும் வைத்துவிட்டால் வெற்றி. அதை முத்தமிட்டுக் காட்டினாள்.

பிரம்வெல்லின் முறை. டென்மார்க் தம்பதி கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். மனிதர் எழுந்தார், கையை வானத்துக்கு ஓங்கினார், அறைந்தார்.

மேஜை என்பது பீப்பாய்மேல் வைத்த ஒரு பலகைதான். அது குட்டிக்கரணம் போட்டது. கட்டைகள் மணலில், சோப்பு வாளியில், டென்மார்க்காரியின் மடியில்.

"ஆட்டம் செல்லாது!" என்று துள்ளினார் சிப்ரியன்.

"என்னது செல்லாதா? என் கையில ஒரே கட்டைடா!"

"வையேன். எங்க வைப்ப?"

ஜோசெட் பிரம்வெல்லை நெடுநேரம் முறைத்தாள். "தோக்கப்போறப்ப மேஜையைக் கவுக்குறது என் சொந்தத் தம்பி ஒருத்தன்தான்னு நெனச்சேன். நீயும் சேந்துட்டியா? ஊர்க்காரன்தான்டா நீ!"

'நீங்க' என்ற மரியாதை அந்த நிமிஷமே கப்பலேறியது. பிரம்வெல்லின் கண்ணில் நீர். தவறுதலாகக் கவிழ்ந்தது என்று அவர் சொல்லவேயில்லை.

மறுநாள் காலை வராந்தாவில் காபிக்குக் காத்திருந்தார்.

"காபியா? அடுப்படியில இருக்கு, போய் ஊத்திக்க. வர்றப்ப எனக்கும் ஒண்ணு" என்றாள் ஜோசெட். படுக்கை விரிப்பைக் கேட்டபோது மடித்தபடி மடியில் போட்டாள். "நீயே விரிச்சுக்க. நீ என்ன வெளியாளா?"

கடலோரச் சாய்வு நாற்காலியில் படுத்தவரை சிப்ரியன் எழுப்பினார். "எந்திரி எந்திரி, பாவம் விருந்தாளிங்க உக்காரட்டும். வா, படகை இழுக்கணும்." டென்மார்க் தம்பதி நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆக்டேவின் அக்கா வீட்டுக் கூரைக்கு வர்ணம் அடிக்க ஆள் குறைந்தது. ஊர்க்காரன் போகாமல் இருப்பானா?

மேலாளரிடம் முறையிட்டிருக்கலாமே என்கிறீர்களா? என்னவென்று முறையிடுவார்? "என்னைச் சொந்தக்காரனாக நடத்துகிறார்கள்" என்றா?

புதன்கிழமை என் மேஜைக்கு வந்தார். காதில் பச்சை வர்ணம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அம்மா, என்னை மறுபடியும் விருந்தாளியா சேத்துக்க முடியுமா?"

"முழுசாவா சார்?"

திடுக்கிட்டுப் போனார். "சேச்சே! சாப்பாட்டு நேரத்துக்கும் படுக்கைக்கும் மட்டும். மத்த நேரமெல்லாம் நான் ஊர்க்காரன்தான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உறவினர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, "என்னை விருந்தாளியா நெனைக்காதீங்க, இது நம்ம வீடு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பலகாரம் வரும் திசையைப் பார்த்ததில்லையா நீங்கள்? அடுத்த முறை அதைச் சற்று மெதுவாகவே சொல்லுங்கள். உள்ளே யாராவது நம்பித் தொலைத்து, கையில் துடைப்பத்தோடு வந்து நிற்கப்போகிறார்கள்.