தளேகாவ் தூரம்தான் சென்னை

மனைவியை விமானத்தில் ஏற்றி அனுப்புவது என்று சேஷு தீர்மானித்தார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டாட்டம்.

மனிதர் புனேயில் கட்கி ராணுவத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ரம்மி கூடாது, முளைப்பயறில் காரமாகச் செய்யும் மிசல் கூடாது. ராஜி போட்ட சட்டம். அவளைச் சென்னைக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினால் இரண்டும் கூடும். ஆனால் ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் என்றால் அவள் நகரமாட்டாள். அதே ரயிலுக்குப் பயந்துதான் மாமியார் பாலாம்பாளும் இருபது வருஷமாகப் புனே பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த ரயிலுக்கு சேஷு மனசுக்குள் கற்பூரம் காட்டாத நாள் கிடையாது.

"ப்ளேன்லயா? நானா?" ராஜி கரண்டியோடு வந்தாள்.

"மாசாமாசம் சித்தி பொண்ணைப் பார்க்கத் தளேகாவ் போறியே. பஸ், லோக்கல் ரயில், ரிக்‌ஷான்னு எவ்வளவு நேரம் ஆறது?"

"ஒன்றரை மணி."

"சென்னையும் அதே ஒன்றரை மணிதான்டி! தூரமாவது, மண்ணாவது!"

"பயமா இருக்காதோ?"

"லோக்கல்ல இடிபட்டுப் போறவளுக்கு என்ன பயம்? பெல்ட்டைப் போட்டுண்டு கண்ணை மூடு. திறந்தா மீனம்பாக்கம்."

"திரும்பி வர டிக்கெட்?"

"அப்புறம் பாத்துக்கலாம். ஆற அமர இருந்துட்டு வா."

ராஜி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையெல்லாம் நீங்களே அம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டா."

சொன்னார். தளேகாவையும் சேர்த்தே சொன்னார். வாய் சும்மா இருந்தால்தானே?

வெள்ளிக்கிழமை காலை விமானம் கிளம்பியது. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கட்டடத்துத் தங்கராஜ் சீட்டுக்கட்டோடு வந்தார். ஹோட்டலிலிருந்து எண்ணெய் மிதக்க மிசல் வந்தது. முதல் ஆட்டம். சேஷு கையில் இரண்டு ஜோக்கர். வாழ்க்கையில் இதற்குமேல் என்ன வேண்டும்?

அழைப்புமணி அடித்தது.

"ஹோட்டல் பையன் விட்டுப்போன பாவ் ரொட்டியைக் கொண்டாந்திருப்பான்," என்றார் தங்கராஜ்.

சேஷு கதவைத் திறந்தார். ராஜி நின்றாள்.

"என்னடி இது? நேத்திக்குத்தானே போனே?"

"தளேகாவ் போனா நான் என்னிக்காவது ரெண்டு ராத்திரி தங்கியிருக்கேனா?"

அவள் பின்னால் ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குப் பின்னால் பாலாம்பாள்.

"ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு கிட்டக்க இருக்குன்னு இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே! முழங்காலை மடக்கி நீட்டறதுக்குள்ள வந்துட்டேன். ஆமா, அது என்ன வெங்காய வாசனை?"

தங்கராஜ் பால்கனி வழியாக இறங்க முடியுமா என்று எட்டிப் பார்த்தார். மூன்றாவது மாடி.

சேஷு ராஜி பக்கம் திரும்பினார். "அம்மா திரும்பிப் போற டிக்கெட்...?"

ராஜி அவர் கையிலிருந்த ஜோக்கர்களை உருவிக் கட்டோடு சேர்த்தாள்.

"அப்புறம் பாத்துக்கலாம். ஆற அமர இருந்துட்டுப் போகட்டும்."