மரநாய்க் காப்பி

காப்பிச் செடிகளுக்கு அடியில் குனிந்து தவசி தேடிக்கொண்டிருந்தது மரநாயின் எச்சத்தை. தோட்டத்து மேஸ்திரி விடிந்ததும் தேடுகிற பொருள் இல்லை அது. ஆனால் இன்றைக்கு அவன் பிழைப்பே அதில்தான் இருந்தது.

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஏலச்செடிதான் பெரும்பகுதி. காப்பி ஓரமாக நின்றது. முதலாளி ராஜாராம் பெருமையடிப்பது மட்டும் காப்பியை வைத்து. மரநாய் செடி செடியாக ஏறி, நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் பார்த்துத் தின்னுமாம். சதை செரித்துவிடும், கொட்டை முழுசாக வெளியே வரும். அதைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வறுத்தால் கசப்பு இருக்காது. வருசத்துக்கு இரண்டு கிலோ தேறினால் அதிகம்.

மூன்று வருசமாக அந்த இரண்டு கிலோவும் கம்பத்துப் பெரியகருப்பன் வீட்டுக்குப் போனது. அவர் மகனுக்குத் தன் மகளைக் கொடுக்க ராஜாராம் ஆசைப்பட்டார். இன்றைக்கு அந்த மனிதர் மலைக்கே வந்து, காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை முடிப்பாராம்.

"காப்பி இல்லேன்னா அவரு வர்ற ஜீப்புலயே நீயும் கீழ எறங்கிரு," என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

எப்போதும் கொட்டையைப் பொறுக்கி, ஓடையில் கழுவிக் கொண்டுவந்து தருகிறவள், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து ஒச்சம்மாள். அதற்காக அவளுக்குக் காலையில் தோட்டவேலை கிடையாது. இந்த வருசம் வெறுங்கையோடு நின்றாள்.

"எங்க ஆத்தா கொட்டை?"

"மரநாய் வரல மேஸ்திரி."

"போன வருசம் வந்துச்சே?"

"போன வருசம் வந்துச்சு. இந்த வருசம் வரல. வெத்தல பாக்கு வச்சா அழைக்க முடியும்?"

தவசி வீட்டுக்கு ஓடினான். குடோனில் இருந்த சாதாரணக் காப்பிக்கொட்டையை இரண்டு படி அள்ளி, அழுகிய மலைவாழைப் பழத்தில் போட்டுப் பிசைந்தான். காட்டு வாசம் வரட்டும் என்று கணக்கு. மனைவி சந்திரவல்லி வாணலியில் போட்டாள். பழம் அடிப்பிடித்துப் புகைந்தது.

"கருப்பட்டி காச்சுற மாதிரில்ல இருக்கு," என்றாள்.

"ஏலக்காயத் தட்டிப் போடு. அமுங்கிரும்."

போட்டாள். அமுங்கவில்லை.

"இப்பப் பாயாசம். முந்திரி இருந்தாச் சொல்லுங்க, அதையும் போடுறேன்."

தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். வயிறு நிறைந்தவன் நாக்கு எதையும் ஆராயாது. கறிச்சோறு போட்டுவிடலாம். மலையில் அந்நேரத்துக்கு இருந்த கறி ஒன்றுதான்: ஒச்சம்மாளின் கிடா. காப்பிக்குள் மேய்கிறது என்று கார்த்திகையில் தவசியே கட்டச் சொன்ன கிடா. அன்றிலிருந்து கட்டுத்தறியில் நின்று கொழுத்திருந்தது.

ஒச்சம்மாள் கயிற்றை விடவில்லை.

"இது வேணாம் மேஸ்திரி. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வேற கிடா வாங்கித் தர்றேன் ஆத்தா."

"வேற கிடாவுக்கு இந்தப் பழக்கம் இருக்காது."

"கிடாவுக்கு என்ன பழக்கம்? விடு, ஜீப்பு வந்துரும்."

ஜீப்பு வந்தது. பெரியகருப்பன் இறங்கியதும் மூக்கை உயர்த்திக் குழம்பு வாசத்தைப் பிடித்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினார். ராஜாராம் முகம் மலர்ந்தது. தவசிக்கு மூச்சு வந்தது.

இலையை எடுப்பதற்குள் காப்பி வந்துவிட்டது. பெரியகருப்பன் ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சம்பந்தின்னு கூப்புடத்தான் வாயெடுத்தேன். என்னய்யா இது?"

ராஜாராம் தவசியைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

"மரநாய் இந்த வருசம் காடு மாறிப் போயிருச்சுங்கய்யா," என்றான் தவசி.

"அதானே பாத்தேன். மூணு வருசமாக் குடிச்ச நாக்கு இது, ஏமாத்த முடியுமா? பழம் பாத்துத் தின்னுற சீவன்யா அது. மனுசனுக்குக்கூட அந்த அறிவு வராது." பெரியகருப்பன் பல்லில் சிக்கிய நாரை நாக்கால் துழாவினார். "அத ஒரு தடவையாச்சும் கண்ணால பாக்கணும். எங்கதான் போயிருக்கும்?"

எலும்பு குவிந்த அவர் இலையை மடக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"எங்கயும் போகலய்யா, மூணு வருசமாப் பழத்தத் தின்னு, அசைபோட்டு, ஆட்டுக் கொட்டில்ல கொட்டையத் துப்புன சீவன் இந்தா இந்த எலையிலதான் கெடக்கு."